ஃபர்மார்க்கில் நிலையாக ஓடும் கார்டு விளையாட்டின் மெனுவில் ஏன் விழுகிறது? ஓவர்கிளாக் செய்தபின் எந்தச் சோதனையை நம்புவது?

கேள்வி: குறிஞ்சிமலர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 10 ஜிபி மெமரி கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதை இயல்பைவிட வேகமாக ஓட்ட (ஓவர்கிளாக்), எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை, அதாவது முதன்மைச் சிப்பின் வேகத்தை, +150 மெகாஹெர்ட்ஸ், மெமரி கிளாக்கை +1200 என்று வைத்து, பவர் லிமிட்டை அது அனுமதிக்கும் எல்லைவரை உயர்த்தியிருக்கிறேன். மின்னழுத்தத்தைத் தொடவில்லை. இந்த அமைப்பில், கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் சோதனையை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. கோர் வெப்பமும் 76 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை.

விளையாடும்போது நிலைமை வேறாக இருக்கிறது. கடுமையான சண்டைக் காட்சிகளில் எந்தத் தொல்லையும் இல்லை. வரைபடத்தைத் திறக்கும்போதோ, ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் ஏறும் இடைவெளியிலோ திரை ஓரிரு நொடிகள் உறைந்து, விளையாட்டு மூடிக்கொள்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பார்த்தால், டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டதாக 4101 என்ற எண்ணுடன் ஒரு பதிவு இருக்கிறது. இன்னொன்றும் புரியவில்லை. யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற வேகச் சோதனையில் மெமரியை +700 என்று வைத்தபோது கிடைத்த மதிப்பெண்ணைவிட +1200இல் கிடைத்தது குறைவு. ஆனால் படத்தில் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

ஃபர்மார்க்கைவிடக் கடுமையான சோதனை ஏதாவது இருக்கிறதா, அல்லது நான் சோதிக்கும் முறையே மாற வேண்டுமா? இந்தக் கார்டில்தான் இரவு முழுவதும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் (படத்தைக் கணக்கிட்டு வரையும் வேலை) ஓடவிடுகிறேன் என்பதால், கார்டுக்கோ வேலைக்கோ சேதம் வந்துவிடக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது.

பதில்: பொறிவல்லான்

வணக்கம். உங்களுக்குத் தேவை இன்னும் கடுமையான சோதனை அன்று. இலேசான சோதனைகளும் சேர்ந்த ஒரு வரிசை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இது புரிந்துவிட்டால் மற்றவற்றை நீங்களே வகுத்துக்கொள்ள முடியும்.

2012இல் கெப்ளர் தலைமுறையுடன் ஜிபியு பூஸ்ட் வந்ததிலிருந்து என்விடியா கார்டுகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எந்த மின்னழுத்தத்தில் எந்த அதிர்வெண்ணில் ஓடலாம் என்று கார்டுக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது. மின்சாரமும் வெப்பமும் இடம் கொடுக்கும்வரை கார்டு அந்தக் கோட்டில் மேலே ஏறும். இடம் குறைந்தால் கீழே இறங்கும். ஆஃப்டர்பர்னரில் நீங்கள் வைத்த +150 அந்த வளைகோடு முழுவதையும் ஒட்டுமொத்தமாக மேலே தூக்குகிறது. எனவே கோட்டின் ஒவ்வொரு புள்ளியும், முன்பு அதே மின்னழுத்தத்தில் ஓடியதைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. சில புள்ளிகளால் அது முடியும், சிலவற்றால் முடியாது. முடியாத புள்ளி எது என்பது சிப்புக்குச் சிப்பு மாறும்.

இப்போது ஃபர்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது கார்டின் மின் எல்லையைத் தொடக்கத்திலேயே முட்டிவிடுகிறது. எல்லைக்குள் நிற்பதற்காகக் கார்டு தன் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. உங்கள் 3080 அந்த ஒரு மணி நேரமும் பெரும்பாலும் 1,600 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஓடியிருக்கும். வரைபடத்தைத் திறந்ததும் நடப்பது இதற்கு நேர்மாறானது. வேலை சட்டென்று குறைகிறது, மின் தேவை சரிகிறது, கார்டு வளைகோட்டின் உச்சிக்குத் தாவி 2,000 மெகாஹெர்ட்ஸையும் கடந்துவிடுகிறது. மேட்டில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் வண்டியை எவ்வளவு நேரம் சோதித்தாலும், அதன் ஐந்தாம் கியர் பழுதா இல்லையா என்பது தெரியாது. உங்கள் கார்டு விழுவது ஐந்தாம் கியரில்.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். ஆஃப்டர்பர்னருடன் வரும் ரிவாட்யூனர் மூலம் கோர் கிளாக், மின்னழுத்தம், மின் நுகர்வு மூன்றையும் விளையாட்டின் மேலேயே காட்டச் செய்யுங்கள். ஆஃப்டர்பர்னரில் இவற்றைக் கோப்பில் பதியும் வசதியையும் இயக்கிவையுங்கள். விளையாட்டு விழுந்தபின் அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். மின் நுகர்வு தாழ்ந்தும் கிளாக் உச்சத்திலும் இருந்தால், நான் சொன்னதே காரணம்.

வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. கார்டு சூடேற ஏற, எல்லையை எட்டுவதற்கு வெகு முன்பே, கிளாக்கைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரும். உங்கள் தலைமுறையில் ஒரு படி என்பது 15 மெகாஹெர்ட்ஸ். ஆகவே சூடான கார்டில் தேறிய அமைப்பு, மறுநாள் கணினியை இயக்கி உடனே விளையாட்டைத் திறக்கும்போது, ஓரிரு படி மேலேயிருந்து தொடங்கி விழக்கூடும். சூட்டில்தான் கார்டு விழும் என்று பலரும் நினைத்துக்கொண்டு, குளிர்ந்த நிலையில் சோதிப்பதே இல்லை.

சோதிக்கும் முறை இப்படி இருக்கலாம். முதலில் மெமரியை அதன் இயல்பு நிலைக்கே கொண்டுவந்து, கோரை மட்டும் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக உயர்த்துங்கள். இரண்டையும் ஒன்றாக உயர்த்தினால் விழும்போது எதனால் விழுந்தது என்று பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு கனமான காட்சியை உயர்ந்த ரெசல்யூஷனில் ஓட்டுங்கள். பிறகு அதே காட்சியைத் தாழ்ந்த ரெசல்யூஷனிலும், நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கையை 60இல் கட்டுப்படுத்தியும் ஓட்டுங்கள். அதன்பின், காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டுப்பாட்டை நீக்குவதும் போடுவதுமாக, டெஸ்க்டாப்புக்குப் போவதும் திரும்புவதுமாக, வேலைச்சுமையை வேண்டுமென்றே ஏற்றி இறக்குங்கள். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இருக்கும் காட்சி ஒன்றையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்; சாதாரணக் காட்சிகளில் அசையாமல் நின்ற கிளாக், ரே டிரேசிங் பகுதிகள் வேலை செய்யத் தொடங்கியதும் விழுவது மிகச் சாதாரணம். 3டிமார்க் சோதனைத் தொகுப்பில் உள்ள போர்ட் ராயல் இதற்கு வசதியானது. கடைசியாகக் கண்ட நிலையான எண்ணிலிருந்து இரண்டு படி கீழே இறங்கி அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த 30 மெகாஹெர்ட்ஸால் நீங்கள் இழப்பது கண்ணுக்குத் தெரியாது.

3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே காட்சியை 20 சுற்று ஓட்டி, 97 சதவீதத்துக்குக் குறையாத ஃப்ரேம் சீர்மை இருந்தால் தேர்ச்சி தருகிறது. வெப்பத்தால் வேகம் சரிகிறதா என்பதை அது நன்றாகக் காட்டும். ஆனால் சுமை மாறாமல் ஒரே மாதிரி ஓடுவதால், உங்கள் சிக்கலை அது பிடித்திருக்காது.

4101 பற்றி ஒரு வார்த்தை. கிராஃபிக்ஸ் கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீண்டும் தொடங்கும். அந்த நிகழ்வின் பதிவுதான் நீங்கள் கண்டது. ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை நீட்டித்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓவர்கிளாக்கால் தடுமாறும் கார்டில் அது நோயை மறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

பதில்: மின்னல்

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் ஃபர்மார்க்கை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். குளிர்விப்பானும் பவர் சப்ளையும் தாங்குகின்றனவா என்று பார்க்க அது 15 நிமிடம் போதுமான சோதனை. அதற்கு மேல் ஓட்டுவதால் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை.

பவர் லிமிட்டை உயர்த்தியிருப்பதால் கேபிள்களையும் ஒருமுறை பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், ஒவ்வொரு 8 முனை இணைப்பும் 150 வாட் என்பதே விதிக்கப்பட்ட அளவு. ஒரே கேபிளின் நுனியில் இரண்டு இணைப்புகள் தொங்கும் வகையைப் பயன்படுத்தினால், இரண்டின் மின்னோட்டமும் பவர் சப்ளை பக்கத்தில் ஒரே இணைப்பு வழியாகத்தான் வரும். 3080க்குத் தனித்தனிக் கேபிள்களே சரி. இந்தக் கார்டு ஒரு கணத்தில் தன் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுக்கக்கூடியது. அதனால்தான் 320 வாட் கார்டுக்கு 750 வாட் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைத்தது. கணினி முழுவதுமே பட்டென்று அணைந்து, ஈவென்ட் வியூவரில் 4101 இல்லாமல் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தால், கிளாக்கைக் குறைப்பதற்கு முன் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். உங்களுடையது அந்த வகை அன்று.

பதில்: கதிரொளி

மெமரி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். +1200இல் மதிப்பெண் குறைந்ததும், படத்தில் கோளாறு இல்லாததும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

3080இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. அதில் பிழையைக் கண்டறிந்து மறுபடியும் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. மெமரிக்கும் சிப்புக்கும் இடையே போகும் தரவு வழியில் சிதைந்தால், அது கண்டறியப்பட்டு அதே தரவு மீண்டும் அனுப்பப்படுகிறது. அதனால் திரையில் பச்சைக் கட்டங்களோ மின்னும் முக்கோணங்களோ தோன்றுவதில்லை. மறுபடி அனுப்பும் நேரம் மட்டும் வீணாகிறது. ஆஃப்டர்பர்னரில் 9,501 என்று தெரியும் இயல்பு நிலையில் இந்தக் கார்டின் மெமரி கடத்தக்கூடிய தரவு நொடிக்கு 760 ஜிகாபைட். +1200இல் அது 856 ஜிகாபைட் என்று கணக்கு வரும். ஆனால் அதில் ஒரு பகுதி, பிழையான தரவைத் திரும்ப அனுப்புவதிலேயே செலவாகிவிடுகிறது. பழைய கார்டுகளில் படம் சிதறும்வரை ஏற்றிவிட்டுக் கொஞ்சம் இறக்கினால் போதும். இங்கே அந்த வழக்கம் உதவாது, மதிப்பெண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மெமரியை 100 மெகாஹெர்ட்ஸ் படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஒரே சோதனையை ஓட்டி, மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். கோர் கிளாக் சோதனைக்குச் சோதனை ஆடினால் ஒப்பீடு பொய்யாகிவிடும் என்பதால், அதை ஒரு நிலையில் பூட்டிவையுங்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் தட்டையாகி, பின் இறங்கத் தொடங்கும். உச்சியில் நிற்காதீர்கள், தட்டையாகத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் இடமே பிழையின்றி ஓடும் இடம். பிறகு ஓசிசிடி மென்பொருளின் விரேம் (கார்டின் மெமரி) சோதனையையோ மெம்டெஸ்ட்_வல்கனையோ ஓட்டி, ஒரு பிழைகூட வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். இவை எழுதிய தரவைத் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. மறு அனுப்பீட்டையும் தாண்டிவரும் பிழைகளை இவைதான் பிடிக்கும்.

இன்னொரு எண்ணை நீங்கள் குறிப்பிடவே இல்லை. 76 டிகிரி என்பது கோரின் வெப்பம். மெமரி சிப்புகளின் வெப்பத்தை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் மெமரி ஜங்ஷன் என்ற வரியில் பாருங்கள். ஜிடிடிஆர்6எக்ஸ் 110 டிகிரியை எட்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைக்கும். கோர் 65 டிகிரியில் நிதானமாக இருக்கும்போதே மெமரி 100ஐத் தாண்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பல கார்டுகளில் ஃபேன்கள் கோரின் வெப்பத்தை மட்டும் வைத்து வேகம் கூட்டுகின்றன. மெமரி கொதிப்பது அவற்றுக்குத் தெரியாது. இரவு முழுவதும் ரெண்டர் ஓடவிடுபவர் என்ற முறையில் இதை நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

பதில்: நுண்கலை

நானும் பிளெண்டரில் வேலை செய்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். விளையாட்டில் ஒரு ஃப்ரேமில் ஒரு புள்ளி தவறாக வந்தால் அது நொடியில் 60இல் ஒரு பங்கு நேரத்தில் மறைந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ரெண்டரில் அதே தவறு படத்திலேயே தங்கிவிடும். விழுந்துவிடும் கார்டைவிட, விழாமல் தவறான கணக்குப் போடும் கார்டே நமக்கு ஆபத்தானது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏதேனும் ஒரு கனமான காட்சியை எடுத்து, பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸில் சீட் எண்ணை (இரைச்சல் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) மாறாமல் வைத்து, இரைச்சலை நீக்கும் டீநாய்ஸை அணைத்துவிட்டு, ஒருமுறை இயல்பு நிலையிலும் ஒருமுறை ஓவர்கிளாக்கிலும் ரெண்டர் செய்யுங்கள். படங்களைச் சேர்த்துக் கையாளும் காம்போசிட்டரில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வரும் படத்தின் எக்ஸ்போஷரை நன்றாக ஏற்றிப் பாருங்கள். சீட் ஒன்றாக இருப்பதால் இயல்பான இரைச்சல் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்து கழிந்துபோகும். கிட்டத்தட்ட முழுக் கருப்பாக வந்தால் நல்லது. அங்கங்கே தனித்த வெண்புள்ளிகளோ, சதுர வடிவத் திட்டோ தெரிந்தால், அந்த அமைப்பு விளையாட்டில் எவ்வளவு நிலையாக ஓடினாலும் ரெண்டருக்கு ஆகாது.

என் கருத்தில், ரெண்டருக்குத் தனி புரொஃபைல் வைத்து, அதில் கோரையும் மெமரியையும் இயல்பு நிலையிலேயே விட்டு, மின்னழுத்தத்தை மட்டும் சற்றுக் குறைப்பதே சிறந்தது. அதையும் இதே முறையில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பதில்: குறிஞ்சிமலர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பதிவுக் கோப்பைப் பார்த்தேன். ஃபர்மார்க்கில் கோர் 1,545 மெகாஹெர்ட்ஸை ஒட்டியே நின்றிருக்கிறது. விளையாட்டு விழுந்தபோதெல்லாம் கடைசி வரியில் கிளாக் 2,100க்கு மேலும், மின் நுகர்வு 150 வாட்டுக்குக் கீழும் இருக்கிறது. மெமரி ஜங்ஷன் வெப்பம் ரெண்டரின்போது 104 டிகிரி காட்டியது. அது எனக்குப் பெரிய அதிர்ச்சி. மெமரியை +500க்கு இறக்கி, ஃபேன் வேகத்தைக் கூட்டியபின் 96க்கு வந்திருக்கிறது.

இப்போது மின்னழுத்தத்தைக் குறைப்பது பற்றிக் கேட்க விரும்புகிறேன். அது ரெண்டருக்கு மட்டும்தானா, அல்லது விளையாட்டுக்கும் அதுவே நல்லதா? ஆஃப்டர்பர்னரில் மின்னழுத்தத்தைக் கூட்டும் ஸ்லைடர் இருக்கிறதே, அதைத் தொட்டால் கார்டு கெட்டுவிடுமா?

பதில்: பொறிவல்லான்

விளையாட்டுக்கும் அதுவே நல்லது. அதுவும் உங்கள் கார்டுக்கு மிகவும் பொருந்தும். 3080 பெரும்பாலான கனமான காட்சிகளில் 320 வாட் எல்லையில் முட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. எல்லையில் நிற்கும் கார்டுக்கு +150 கொடுத்தாலும், மின்சாரம் போதாமல் அது கீழேயே நிற்கும். சிப்பின் இயங்கு மின் செலவு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. ஆகவே அதே அதிர்வெண்ணை 1.05 வோல்ட்டுக்குப் பதிலாக 0.90 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால், அந்தச் செலவில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகிறது. மிச்சமான மின்சாரத்தில் கார்டு தன் வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இதை ஓவர்கிளாக்குக்கு எதிரானதாகச் சிலர் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மின் எல்லையில் ஓடும் கார்டில் நீடித்த வேகம் வேண்டுமென்றால் முதலில் செய்ய வேண்டியதே இதுதான்.

ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வளைகோடு திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1,860 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். அதற்கு வலப்பக்கம் இருக்கும் புள்ளிகள் எல்லாம் அதே உயரத்தில் தட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கார்டு அதற்கு மேல் போகாது. மெனுவில் 2,100க்குத் தாவும் சிக்கலும் இதோடு தீர்ந்துவிடும், ஏனெனில் தாவுவதற்கு மேலே புள்ளியே இல்லை. 1,860 நிலையாக இருந்தால் 15, 15ஆக ஏற்றிப் பாருங்கள். வெப்பம் மாறும்போது வளைகோடே ஒரு படி நகரும் என்பதால், கார்டு குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் நன்கு சூடேறியபின் ஒருமுறையும் எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னழுத்த ஸ்லைடரைக் கூட்டுவதால் கார்டு உடனே கெட்டுவிடாது. கார்டின் பயாஸ் (அதனுள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) விதித்த உச்சத்துக்கு மேல் அந்த ஸ்லைடரால் போக முடியாது. வளைகோட்டின் மேல்கோடியில் உள்ள சில புள்ளிகளைத் திறந்துவிடுவது மட்டுமே அதன் வேலை. இருந்தாலும் அதைச் சுழியத்திலேயே விடுங்கள். கூடுதல் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்துதான் சிப்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய கம்பிகளைக் காலப்போக்கில் அரிக்கின்றன. மின் எல்லையில் ஓடும் உங்கள் கார்டுக்கு அதனால் கிடைக்கும் ஆதாயமோ ஏறக்குறைய இல்லை. உண்மையான ஆபத்து பயாஸையே மாற்றி எழுதுவதிலும், மின் அளவைத் தப்பாகக் காட்டும்படி கார்டின் மின்தடைகளை மாற்றுவதிலும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பதில்: குறிஞ்சிமலர்

900 மில்லிவோல்ட்டில் 1,890 மெகாஹெர்ட்ஸ் நிற்கிறது. 1,905இல் ரே டிரேசிங் காட்சியில் விழுந்தது, ஆகவே 1,875இல் நிறுத்திவிட்டேன். சூப்பர்பொசிஷன் மதிப்பெண் பழைய +150 அமைப்பைவிடச் சற்றே கூடியிருக்கிறது. மின் நுகர்வு 290 வாட்டுக்குள் அடங்குகிறது. நுண்கலை சொன்ன கழித்தல் சோதனையிலும் படம் கருப்பாகவே வந்தது. கணினி தொடங்கும்போதே இந்த அமைப்பு தானாக ஏறும்படி இப்போதே வைத்துவிடலாமா?

பதில்: கதிரொளி

இன்னும் சில நாள் பொறுங்கள். அதுவரை புரொஃபைலில் சேமித்து, தேவைப்படும்போது கையால் ஏற்றுங்கள். அப்போது ஏதாவது கோளாறு வந்தாலும் கணினியை மறுபடி இயக்கினால் இயல்பு நிலை திரும்பிவிடும். நிலையற்ற அமைப்பைத் தானாக ஏறவிட்டால், டெஸ்க்டாப் வந்ததும் கணினி உறைய, சேஃப் மோடுக்குப் போய் ஆஃப்டர்பர்னரை நீக்க வேண்டியிருக்கும். கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பும்போதும் அமைப்பு சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஓவர்கிளாக் செய்யும் மென்பொருள் ஒன்றுக்கு மேல் இருந்தால் மற்றவற்றை நீக்கிவிடுங்கள், ஒன்று வைத்ததை இன்னொன்று மாற்றிவிடும். டிரைவரைப் புதுப்பித்த பிறகு ரே டிரேசிங் காட்சியையும் ஃப்ரேம் கட்டுப்பாட்டை ஏற்றி இறக்கும் சோதனையையும் மட்டும் ஒருமுறை மறுபடி ஓட்டினால் போதும்.